சீட்டில்லாத மூட்டைகள்

மனுக் கோப்புகளை அன்றன்றே முடித்ததற்காக மாதாந்திரக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். முப்பத்தோரு வருட வேலையில் எனக்கு விழுந்த கைதட்டல் அது ஒன்றுதான். அதற்காகப் பிறகு பட்ட வெட்கத்தை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் சரியாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுதினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். விருதுநகரில் தானிய வியாபாரிகளின் உரிமத்தைக் கவனிக்கும் பிரிவில் நான் ஆய்வாளராக இருந்தேன். விவசாயியிடம் தானியம் வாங்கவோ, வாங்கியதைக் குடோனில் வைக்கவோ அதுவரை வியாபாரிக்கு உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் அலுவலகத்தில் டெபாசிட் கட்ட வேண்டும். குடோனுக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் விவசாயிக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும். பணம் வராத விவசாயி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார். நாங்கள் வியாபாரியைக் கூப்பிட்டு, உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொன்னாலே பெரும்பாலும் மறுநாள் பணம் போய்ச் சேர்ந்துவிடும். சேராவிட்டால் டெபாசிட் இருந்தது.

அதைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். உரிமத்துக்காக அலைந்து செருப்புத் தேய்ந்த வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். புதுப்பிக்கும் மாதத்தில் சிலருடைய மேசைக்கடியில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால், தானியம் வாங்கவும் வைக்கவும் இனி உரிமம் வேண்டாம் என்ற மாற்றம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வாங்குகிறவர்கள் பெருகுவார்கள், விவசாயிக்கு விலை கூடுதலாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள். சில பொருளுக்கு, சில ஊரில் அப்படி நடக்கவும் செய்தது.

வியாபாரிகள் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு வரிசையாக மனுக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் ஒருவர் உரிமத்தை ஒப்படைத்தால், அவரிடம் யாருக்காவது பாக்கி இருக்கிறதா என்று ஊரில் அறிவிப்பு ஒட்டுவோம். ஒரு மாதம் காத்திருந்த பிறகுதான் டெபாசிட்டை விடுவிப்போம். உரிமமே போன பிறகு அந்த அறிவிப்பு வேண்டுமா, வேண்டாமா என்று எங்களுக்கு வந்த தாளில் ஒரு வரியும் இல்லை. வரி இல்லாததை வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். காலையில் வந்த மனுக்களை மாலைக்குள் முடித்து அனுப்பினேன்.

அப்படி முடித்தவற்றில் ஒன்று சண்முகவேலின் மனு. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையே சாலையோரத்தில் தானியக்கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கிய வயது, தடித்த கண்ணாடி, பேச்சு குறைவு. மனுவை எழுதியது அவருடைய மகன். காசோலையை வாங்கக் கையெழுத்துப் போட்டவர் எழுந்து போகாமல் நின்றார். அந்தப் பணம் இங்கேயே கிடக்க வழி உண்டா என்று கேட்டார். வெளியே வைத்தால் செலவாகிவிடும், இங்கே இருந்தால் ஊர்க்காரர்களுக்கு ஒரு தைரியம் என்றார். விதி இல்லாமல் ஒருவர் பணத்தை அலுவலகத்தில் வைத்திருக்க முடியாது என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அவர் காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த மாதம்தான் எனக்குக் கை தட்டினார்கள்.

அடுத்த மழைக்கு அந்தப் பக்கத்துக் கரிசல் காடுகளில் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. எம். புதுப்பட்டிக்கு மேற்கே, பத்துக் கல்லுக்குள் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், இப்போதும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெடி ஆலை வேலைக்குப் போவார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். வாரம் ஆறு நாள் ஆலை. மிச்சப் பொழுதும் ஞாயிற்றுக்கிழமையும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. மாசியில் கதிர் உதிர்த்து மூட்டை கட்டினார்கள். அறுவடை நேரத்து விலைக்கு விற்க மனமில்லாமல், விலை ஏறட்டும் என்று சண்முகவேலின் குடோனில் கொண்டுபோய் வைத்தார்கள். விற்கவில்லை, வைத்தார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த சண்டை முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

முந்தின வருடங்களில் இப்படி வைத்தபோதெல்லாம் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த வருடம் சீட்டு இல்லை. உரிமம் போனதோடு சீட்டுப் புத்தகமும் போய்விட்டது. கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தெரிந்த மனிதர்தானே என்று இவர்களும் விட்டுவிட்டார்கள். சண்முகவேல் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொள்கிறவர்.

வைகாசியில் ஒரு காலை, கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சரக்கின் மேல் அவர் ஒரு வங்கியில் கடன் வாங்கியிருந்தார். தவணை ஏற்கெனவே தவறியிருந்தது. செய்தி தெரிந்ததும், குடோனில் இருப்பதைக் கைப்பற்ற வங்கி முடிவு செய்தது. எல்லாம் அப்பா விலைக்கு வாங்கிய சரக்குத்தான் என்று மகன் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைச் செலவு ஒரு பக்கம், வங்கி ஒரு பக்கம். கடையின் உள் விஷயம் அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மேசைக்கு முன்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். அந்த ஊர்க்காரர்கள். அன்றைக்கே பதினோரு மணிக்கு வங்கியிலிருந்து வருகிறார்கள், லாரிகூட வந்து நிற்கிறது, மூட்டையெல்லாம் போய்விடும் என்று மாறி மாறிச் சொன்னார்கள். நான் வழக்கம்போலச் சீட்டைக் கேட்டேன். இல்லை என்றார்கள். பிறகு அவர்களில் ஒருவர், அந்த டெபாசிட் இருக்கிறதே என்றார்.

எழுந்து கண்காணிப்பாளரின் அறைக்குப் போனேன். என் பணியில் நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. அவர் பேரை எழுதினால் கோபப்படுவார், அதனால் எழுதவில்லை. விஷயத்தைச் சொன்னேன். டெபாசிட்டை விடுவித்தது நான்தான், அறிவிப்பு ஒட்டாமல் விடுவித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நமக்கு இப்போது அந்தக் குடோனில் நுழைய அதிகாரம் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப ஆர்டர் போடுத மாதிரி அங்கன பேசிராதீக," என்றார். "ஆர்டர் போட்டா உங்க பேப்பரு எங்கன்னு கேப்பாக. நீங்க கேளுங்க. கேக்குறதுக்கு யாரு அதிகாரமும் வேண்டியதில்ல."

ஜீப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குடோன் வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. வங்கி அதிகாரி ஒருவர் கையில் பட்டியலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர். மரியாதை குறையாமல், அதேசமயம் இளகாமல் பேசுகிறவர். சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் இருபது, இருபத்தைந்து பெண்கள் நின்றார்கள். அன்றைக்குக் கம்பெனி வேனில் ஏறாமல் வந்துவிட்டவர்கள். தீபாவளிக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும் சீசனில் ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் கூலி போவதோடு முடியாது. மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கலாம். அது தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

அதிகாரியிடம் நான் யார் என்பதையும், எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை என்பதையும் முதலிலேயே சொன்னேன். அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது போலும். உட்காரச் சொன்னார். குடோனில் ஏறக்குறைய அறுநூறு மூட்டை இருக்கிறது, அதில் ஒரு பகுதி விற்கப்படாமல் வைத்துக்கொள்ளக் கொடுத்தது, வைத்துக்கொள்ளக் கொடுத்த பொருள் கடைக்காரருடையது ஆகாது என்றேன். அவர் மறுக்கவில்லை. அந்தச் சட்டம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சரி சார், ஒத்துக்கறேன்," என்றார். "எந்த மூட்டை அவங்களோடதுன்னு காட்டுங்க. காட்டினா நான் தொட மாட்டேன். அறுநூறும் ஒரே மாதிரி சாக்கு. எதை வச்சுப் பிரிப்பீங்க?"

நான் திரும்பிக் குடோனைப் பார்த்தேன். கூரை முட்ட ஒன்றின் மேல் ஒன்றாக அட்டி போட்ட மூட்டைகள். எல்லாம் பழைய சணல் சாக்கு. வெளியே எழுத்து இல்லை, அடையாளம் இல்லை. இருபது வருட வேலையில் சீட்டு ஒன்றைத் தவிர வேறு எதையும் சாட்சியாக நினைத்துப் பார்த்ததில்லை நான்.

அப்போதுதான் மரத்தடியிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு. பேர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பட்டாசுச் சரம் பின்னும் வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறவர். அவர் அதிகாரியைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மூட்ட தச்சது நாங்கதான சார். எங்க கைத் தையலு எங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்ன விஷயம் இதுதான். அறுவடையின்போது கடைக்காரரின் சுமைதூக்கிகள் வேறு ஊர்களில் இருந்தார்கள். காத்திருந்தால் மழை வந்துவிடும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்களே கோணி ஊசியை எடுத்து அவரவர் வீட்டு மூட்டையைத் தைத்தார்கள். அவர்கள் வேலை செய்யும் ஆலையில் சரத்துக்கு இத்தனை என்று கூலி. பின்னிய சரங்கள் ஒன்றோடொன்று கலந்துபோனால் கூலியும் கலந்துபோகும். அதற்காக ஒவ்வொருத்தியும் சரத்தை முடிக்கிற இடத்தில் தனக்கென்று ஒரு முடிச்சு வைத்திருந்தாள். ஒருத்தி இரட்டையாகச் சுற்றி உள்ளே இழுப்பாள். ஒருத்தி இடப்பக்கம் மடித்துக் கண்ணி விடுவாள். மேசையில் குவிந்து கிடக்கும் சரங்களை மாலையில் பார்க்காமலே பிரித்துவிடுவார்களாம். மூட்டையைத் தைத்தபோதும் விரல் பழக்கத்துக்கு அதே முடிச்சைத்தான் போட்டிருந்தார்கள். அடையாளம் வேண்டும் என்று போட்டதல்ல.

அதிகாரி எழுந்தார். இதை நான் எப்படி நம்புவது என்று கேட்டார்.

"நம்ப வேண்டாம் சார்," என்றார் பேச்சியம்மாள். "சோதிச்சுப் பாத்துக்கோங்க."

அவர் உண்மையிலேயே சோதித்தார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். பெண்கள் எல்லோரையும் வெளியே நிறுத்தி, அட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்து மூட்டைகளை இறக்கச் சொன்னார். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு எண் போட்டார். பிறகு ஒவ்வொரு பெண்ணாகத் தனியே உள்ளே கூப்பிட்டு, எது யாருடையது என்று கேட்டுப் பட்டியலில் எழுதினார். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியாதபடி அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே அனுப்பினார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஐந்தாவது ஆள் வந்துபோனதும் அதிகாரியின் பட்டியலை எட்டிப் பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் எண் காளியம்மாள், ஏழாம் எண் சின்னத்தாய் என்று ஒரு பிசகும் இல்லை. ஆறு மூட்டைகளைப் பார்த்து ஐவரும் இது நம்ம ஊர் மூட்டையே இல்லை என்றார்கள். அவற்றில் இரண்டு, முந்தின மாதம் சரக்குச் சோதனைக்கு வந்தபோது வங்கிக்காரர்களே பிரித்துப் பார்த்துவிட்டுச் சுமைதூக்கிகளை வைத்துத் திரும்பத் தைத்தவை. அது அதிகாரிக்கு மட்டும் தெரியும்.

கடைசியாகப் பேச்சியம்மாள் வந்தார். ஒரு மூட்டை, தைத்த வாய் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அதைப் புரட்ட ஒரு சுமைதூக்கி குனிந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் தோள்வரை கையை நுழைத்தார் பேச்சியம்மாள். முகம் எங்களைப் பார்த்துத்தான் இருந்தது. விரல் மட்டும் உள்ளே ஓடியது.

"இது எங்க மதினி தச்சது. கடைசிக் கண்ணிய எப்பவும் இறுக்காம விட்டுருவா. கம்பெனியிலயும் அதுக்குத்தான் ஏச்சு வாங்குவா."

மூட்டையைப் புரட்டிப் பார்த்தோம். கடைசிக் கண்ணி தளர்ந்து கிடந்தது.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். லாரிக்காரர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அட்டி முழுவதையும் இறக்கச் சொன்னார். பகல் இரண்டு மணி வரை அந்த வேலை நடந்தது. தூசியும் வெக்கையுமாக இருந்த அந்தக் குடோனில், இறங்கும் ஒவ்வொரு மூட்டையின் வாயையும் ஒரு விரல் தடவும். யாருடையது என்று ஒரு குரல் சொல்லும். இன்னொரு பெண் வந்து தடவிப் பார்த்து ஆமாம் என்பாள். அதிகாரி எழுதுவார். நான் கோவில்களில் நின்றிருக்கிறேன். இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் என்னைச் சின்னவனாக உணரவைத்த இடம் அந்தக் குடோன்தான். எழுத்தும் முத்திரையும் மட்டுமே சாட்சி என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேனே என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

இருபத்து மூன்று வீட்டு மூட்டைகள் பிரிந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. மீதி எல்லாம் கடைக்காரரின் சுமைதூக்கிகள் தைத்தவை, ஒரே மாதிரி இழுத்துக் கட்டிய தையல்.

அப்போதுதான் மாடசாமி முன்னால் வந்தார். காலையில் என் மேசைக்கு முன் நின்ற மூவரில் ஒருவர், டெபாசிட்டைப் பற்றிக் கேட்டவர் அவர்தான். தன் மூட்டை பன்னிரண்டு இருக்கிறது, அது இந்தப் பக்கம் வரவில்லை என்றார். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அவர் மனைவி அந்த வருடம் தை மாதத்தில் இறந்துபோனவர். வீட்டில் வேறு பெண் இல்லை. அவர் மூட்டைகளை மட்டும் மறுநாள் கடைக்காரரின் ஆட்கள் வந்து தைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டும் எதிர்ப்பக்கத்து நானூறில் எங்கோ கிடந்தன. அவை அவருடையவை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் காட்ட வழியில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். அதிகாரி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார் என்று நினைத்துக்கொண்டு பேச்சியம்மாளிடம் போனேன். குரலைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தில் பன்னிரண்டு மூட்டைகளைத் தொட்டு இவையும் எங்களுடையவைதான் என்று சொன்னால் போதும், இனி யாரும் சோதிக்கப் போவதில்லை என்றேன். நியாயமான பொருள்தானே, பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தவன் இந்தப் பன்னிரண்டையாவது மீட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"அப்படிச் சொல்லக் கூடாது சார். ஒரு மூட்டைக்குப் பொய் சொல்லிட்டா, இதுவரைக்கும் எங்க கை சொன்னது அம்புட்டும் பொய்யாப் போயிருமே. அப்புறம் யாரு நம்புவா எங்கள?"

மாடசாமியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவருடைய ஒரு வருட உழைப்பு அந்தப் பக்கம் கிடந்தது. அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தாயி சொல்லுதது சரி. எனக்காக மாத்திச் சொல்லாதீக."

நான் திரும்பியபோது அதிகாரி வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. உட்கார்ந்து, இருநூற்றுப் பதினான்கு மூட்டைகளும் கடைக்காரருடையவை அல்ல, நானே நேரில் பார்த்துப் பிரித்தேன் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் மேலதிகாரிக்கு இதை எப்படி விளக்கப் போகிறார் என்று கேட்டேன். விளக்க வேண்டியிருந்தால் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன் என்றார்.

ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு அரை மூட்டையாகச் சேர்த்து மாடசாமிக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். அவர் வாங்க மறுத்துவிட்டார். உங்கள் பிள்ளைகள் சோற்றை நான் எப்படி விற்பது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதாக அறிந்தேன். பேச்சியம்மாளுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் மறுநாள் ஆலையில் இடம் இல்லை. இரண்டு வாரம் கழித்து வேறு ஆலைக்குப் போனார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் வந்து முறையிடவில்லை. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

குடோனுக்குப் போய்வந்த மறுநாள் அலுவலகத்தில் என் மேசையில் இன்னும் ஒன்பது வியாபாரிகளின் டெபாசிட் மனுக்கள் இருந்தன. ஒன்பது ஊருக்கும் அறிவிப்புத் தயார் செய்தேன். இந்த வியாபாரியிடம் யாருக்காவது தானியமோ பணமோ இருந்தால் ஒரு மாதத்துக்குள் வந்து சொல்லலாம், அதன் பிறகு டெபாசிட் திருப்பித் தரப்படும் என்று எழுதினேன். அப்படிச் செய்யச் சொல்லி விதி இல்லை. செய்யாதே என்றும் விதி இல்லை. கண்காணிப்பாளர் படித்துவிட்டு, இது யாருடைய உத்தரவு என்று கேட்டார். யாருடையதும் இல்லை என்றேன். ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு நீட்டினார். ஒரு வியாபாரி என் மேல் புகார் எழுதினார். இரண்டு பேர் அறிவிப்பு ஒட்டின வாரமே ஊருக்குப் போய்ப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்தார்கள். அந்த வருடம் கூட்டத்தில் நான் தாமதத்துக்குப் பெயர் வாங்கினேன்.

விதிகள் மாறும். நீங்கள் இருக்கும்போதும் மாறும். மாறுகிறபோது பழைய விதியோடு சேர்ந்து யாருக்குப் பின்னால் இருந்த சுவர் போகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். புதுத் தாளில் அது எழுதியிருக்காது. எழுதாமல் விட்ட இடம் உங்கள் மேசையில்தான் வந்து விழும். அதை வேகத்துக்குப் பயன்படுத்துவதா, பொறுமைக்குப் பயன்படுத்துவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

ஆவணியில் சண்முகவேலின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருக்கிறது, மூன்று நாளாக உங்களைக் கூட்டிவரச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்றார். வங்கி அதிகாரி கையெழுத்திட்ட பட்டியலின் நகல் என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டிலில் தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கண் நிறைந்தது. வணக்கம் சொல்ல இடது கையைத் தூக்கினார். பிறகு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். குளறலான சொற்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னார். அந்த ஊரின் மேற்குத் தெரு முனையிலிருந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார் சண்முகவேல். முதல் வீடு, காளியம்மாள், ஒன்பது. அடுத்த வீடு, பதினொன்று. அதற்கடுத்தது பூட்டிய வீடு, அதைத் தாண்டினால் சின்னத்தாய், எட்டு. மூச்சு வாங்கும்போது நிறுத்துவார். எந்த வீட்டில் விட்டோம் என்று யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிட்டேன். ஒரு மூட்டை கூட வித்தியாசம் இல்லை. இருபத்து மூன்று வீடும் அப்படியே வந்தது.

பிறகு அவர் நிறுத்தாமல் இன்னொரு பேரைச் சொன்னார்.

"மாடசாமி. பன்னெண்டு. பொம்பள இல்லாத வீடு. நம்ம ஆளுக தச்சது."

மகன் அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு மூட்டைக்கான பணத்தைத் தை மாதத்துக்குள் கொடுத்துவிடுவேன் என்று கொஞ்ச நேரம் கழித்து அவராகச் சொன்னார். கேட்க எந்தச் சீட்டும் இல்லை, கேட்கும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை. பஜாரில் தங்களுக்கு இருந்த ஒரு கடையை விற்று அதைக் கொடுத்தார்.

நான் பட்டியலோடு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் பேச்சு போன நிலையிலும் தலைக்குள் வைத்துக் காத்திருந்தார். ஒரு ஊர்ப் பெண்கள் விரலில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒன்றாக இருந்தன. நடுவில் இருக்கவேண்டியது ஒரு தாள். அது இருக்கும்படி பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சண்முகவேல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்டார். புரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சரியா இருக்கா சார்?" என்று கேட்டார்.

என்னிடம் கேட்டார்.

"சரியா இருக்கு," என்றேன்.